நாலாவது கம்பிக்குக் கீழே

ஜூலை 3, திங்கள்

திருஞானம் அண்ணன் இன்று மறுபடியும் போன் செய்தார். போன வருஷம் என் வீட்டுக்காரர் அமலதாஸின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவர். நானும் உள்ளே வாருங்கள் என்று கூப்பிடவில்லை. அதன் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று குக்கர் ஒரு பக்கம் அலற, போன் ஒரு பக்கம் அலற, எடுத்துத் தொலைத்தேன்.

"தங்கச்சி, ஆகஸ்ட் பன்னெண்டு அமலனுக்கு முதல் வருஷம் வருது. கோயில் பங்கு மண்டபத்துல நம்ம குழு சார்பா ஒரு கச்சேரி வைக்கலாம்னு சாமியார்ட்ட கேட்டுட்டேன். நீ சரின்னு சொல்லணும்."

"பேஸ் யாரு வாசிப்பா?" என்றேன்.

"அது... கீபோர்ட்லயே போட்டுக்கலாம்மா. என் இடது கையில சமாளிச்சுருவேன்."

எனக்கு வந்ததே கோபம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்த மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த மனிதனுக்கு நினைவுக் கச்சேரி. அதில் பேஸ் கிட்டாரே இருக்காதாம். பேஸுக்கு ஒரு ஆளைப் போடுங்கள், என் வீட்டுக்காரர் எதை வாசித்தாரோ அதை அந்த ஆள் ஒரு சுரம் மாறாமல் வாசிக்க வேண்டும், முடியாதென்றால் கச்சேரியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அவன் என்ன எழுதியா வச்சிருக்கான் தங்கச்சி, அப்படியே வாசிக்க?"

"நான் எழுதித் தரேன்."

வாய் சொல்லிவிட்டது. சாயங்காலம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு தோசை மாவை உப்புப் போடாமல் கரைத்து வைத்துவிட்டேன்.

ஜூலை 5, புதன்

ஜெனி கோவையிலிருந்து வீடியோவில் வந்து பாடம் எடுத்தாள். பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பியதற்கு இதுதான் லாபம்.

அமலனின் போனில் எல்லாம் இருக்கிறது. கச்சேரிக்குப் போனால் போனை ரெக்கார்டிங்கில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது வேனில் கேட்டுக்கொண்டே வருவார், எங்கே தப்பு விட்டோம் என்று. ஒவ்வொன்றுக்கும் ஊர் பெயர் போட்டு வைத்திருக்கிறார். துறையூர், மணப்பாறை, லால்குடி, பட்டுக்கோட்டை. பட்டுக்கோட்டையைத் திறக்க மாட்டேன். போன வருஷம் மே மாதம் அந்தக் கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போதுதான் விழுந்தார்.

ரெக்கார்டிங்கில் பாட்டு இரைகிறது, தபேலா இரைகிறது, கூட்டத்தில் யாரோ விசிலடிக்கிறான். போதாக்குறைக்குச் சட்டைப் பை உரசும் சத்தம் வேறு டொக், டொக் என்று. பேஸ் எங்கேயோ அடியில் கிடக்கிறது.

"ம்மா, அந்த மஞ்சக் கோடு இருக்குல்ல, அத இழுத்து இடது பக்கம் கொண்டு வா. மேல இருக்கற சத்தமெல்லாம் வெட்டுப்பட்டுடும். கீழ இருக்கறது மட்டும் நிக்கும். அது பேருதான் ஃபில்டர்."

இழுத்தேன். பாடகி காணாமல் போனாள். விசில் போயிற்று, சட்டைப் பை போயிற்று. ஹெட்போனுக்குள் பேஸ் மட்டும் தும் தும் என்று நின்றது.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெனி, "ம்மா, நெட் போயிடுச்சா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஜூலை 8, சனி

என்னிடம் பியானோ படிக்கும் பிள்ளைகள் வந்து போன பிறகு உட்கார்ந்தேன். முதலில் லால்குடி. அதுதான் நல்ல தெளிவாக இருக்கிறது. பாதி வேகத்தில் ஓடவிட்டு, இரண்டு தாளம் கேட்டு நிறுத்தி, ஐந்து கோட்டுத் தாளில் எழுதி, மறுபடி கேட்டுச் சரிபார்க்க வேண்டும். சுரம் மட்டும் தெரிந்தால் போதாது, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே விட்டது என்பதும் வேண்டும். பேஸ் என்பது ஒரு மாதிரி வாத்தியம். இருக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. நிறுத்தினால் பாட்டு தரையில்லாமல் தொங்குவது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அமலனுக்கு நொட்டேஷன் ஒரு எழுத்து தெரியாது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்து, குளித்துவிட்டு, பாட்டை இரண்டு தரம் கேட்பார், வாசித்துவிடுவார். நான் பிள்ளைகளுக்குக் கோடு போட்டுச் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்து, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, இதப் பாத்து எவன் வாசிப்பான்?" என்பார். இப்போது உங்கள் எறும்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் ஐயா.

அரைப் பாட்டு முடிந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

ஜூலை 9, ஞாயிறு

பூசையில் நான் ஆர்கன் வாசிக்கும்போது இடது கைதான் காதில் விழுந்துகொண்டிருந்தது. மதியம் மீன். ருசியில்லை.

ஜூலை 13, வியாழன்

எபிநேசர் வந்திருந்தார். திருஞானம் அண்ணன் பிடித்துக் கொடுத்த பேஸ் வாசிப்பவர். மார்க்கெட் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலில் வாசிக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். நொட்டேஷன் படிக்கத் தெரிகிறது, அதுவே பெரிய ஆறுதல். முடித்த தாள்களைக் கொடுத்தேன்.

"அக்கா, இது அண்ணன் வாசிச்சதா? ரொம்ப சுத்தமா இருக்கே. ஒரு எடத்துல கூடப் பிசிறு இல்ல."

"அவருக்குத்தான் பிசிறே வராதே," என்றேன். பெருமையாக இருந்தது. அவரிடம் நேரில் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வார்.

காப்பி குடித்த டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அமலன் கழுவுகிறேன் என்று வந்து என் அம்மா கொடுத்த பீங்கான் தட்டை உடைத்ததுதான் மிச்சம். "இது வாத்தியம் பிடிக்கிற கையா, வாழைத்தண்டா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பொறுக்கினார்.

ஜூலை 15, சனி

துறையூர் ரெக்கார்டிங்கை ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்தேன். அது லால்குடிக்கு முந்திய தீபாவளிக் கச்சேரி. அதே பாட்டுகள். ஆனால் வாசிப்பு வேறு. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது விரல் கம்பியில் இழுபடும் சத்தம், அங்கங்கே ஒரு சுரம் விழுங்கிப் போவது, உற்சாகம் வந்தால் தாளத்தை லேசாக முந்துவது. லால்குடியில் இதெல்லாம் கிடையாது. எல்லாச் சுரமும் ஒரே அளவு, ஒரே அழுத்தம். அந்த ஆறு மாதத்தில் மனிதர் எப்படித் தேறியிருக்கிறார்!

லால்குடியையே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ஜூலை 18, செவ்வாய்

படகுப் பாட்டு. அது அவர்கள் வைத்த பெயர். குழுவில் எந்தப் பாட்டையும் அதன் முதல் வரியால் சொல்ல மாட்டார்கள். லாரிப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, படகுப் பாட்டு.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லாரும் அடங்கிவிடுவார்கள். பேஸ் மட்டும் படிப்படியாக இறங்கும். இறங்கி, இன்னும் இறங்கி, இதற்கு மேல் இல்லை என்று நினைக்கிற இடத்தில் ஒரு படி இறங்கி நிற்கும். பென்சிலை வைத்துவிட்டு அழுதேன். வாய்விட்டேதான் அழுதேன், யார் கேட்கப் போகிறார்கள்.

அந்த லால்குடிக் கச்சேரிக்கு நானும் போயிருந்தேன். முன்வரிசை. இந்த இடம் வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வரும்போது, அதிசயமாக, "இன்னிக்கு நல்லா வாசிச்சீங்க" என்று சொல்லவும் சொன்னேன். "இன்னிக்கு நல்லா வாசிச்சது திருஞானம்தான்" என்றார். அந்த அடக்கம் எல்லாம் மேடையில் இருந்து இறங்கினால்தான் வரும்.

இந்த ஒரு இடத்துக்காகவே கச்சேரி நடக்கட்டும்.

ஜூலை 20, வியாழன்

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் நாளைக்குத்தான். மின்அடுப்பில் கஞ்சி.

ஜூலை 23, ஞாயிறு

எபிநேசர் ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்தார். கையில் படகுப் பாட்டுத் தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்தச் சுரம் என் கிட்டார்ல இல்ல."

"இல்லன்னா? பழகினா வரும்."

"பழகறதுக்கு எடமே இல்லக்கா. பேஸ் கிட்டாருக்கு நாலு கம்பி. நாலாவது கம்பிய விரலே வைக்காம சும்மா தட்டினா வர்றதுதான் கடைசி. நீங்க எழுதினது அதுக்கும் ஒரு படி கீழ."

நான் தப்பாக எழுதியிருப்பேன் என்றார், மரியாதையாகத்தான். எனக்குச் சுள்ளென்று ஏறிற்று. பாதி வேகத்தில் போட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். மறுபடி கேட்டார். சுரம் நான் எழுதியதுதான்.

"அவர் கம்பியத் தளர்த்தி வச்சு வாசிச்சிருப்பார்," என்றேன்.

"இருக்கலாம்க்கா," என்றார். ஆனால் முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு, "அக்கா, இது கம்பிச் சத்தம் மாதிரியே இல்ல. கீபோர்ட் மாதிரி இருக்கு" என்றார்.

மருந்துக்கடைக்காரர் மருந்து விற்றால் போதும் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 24, திங்கள்

கீபோர்ட்தான்.

பியானோ சொல்லிக் கொடுப்பவள் நான். சுத்தமாக இருக்கிறது, பிசிறில்லை, எல்லாச் சுரமும் ஒரே அளவு என்று இந்த டைரியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். மேடையில் அவரைப் பார்த்தேனே. கண்ணால் பார்த்தேனே, கிட்டாரோடு நின்றதை.

ஜூலை 25, செவ்வாய்

பாலக்கரையில் திருஞானம் அண்ணனின் மைக்செட் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கடையில் இருந்தவர்களை டீ குடிக்க அனுப்பினார். நான் தாளை மேசையில் வைத்து அந்தச் சுரத்தைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குக் கோடு படிக்கத் தெரியும்.

"யாரு வாசிச்சது இது?"

அவர் ஃபேன் சுவிட்சைத் தட்டினார். அது ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. அணைந்துபோயிற்று.

"அண்ணே, உங்களத்தான் கேக்கறேன்."

"மணப்பாறையில, பொங்கல் கழிஞ்சு," என்றார். "ரெண்டு பாட்டுல அவன் எடது கை நின்னுபோச்சும்மா. வெரலு கம்பிய அழுத்த மாட்டேங்குது. நான் சட்டுனு கீபோர்ட்ல எடுத்துட்டேன், யாருக்கும் தெரியல. எறங்கி வந்து கையக் காமிக்கறான், நடுங்குது. டாக்டர்ட்ட போடான்னேன். போறேன், மே மாசம் ஜெனி பரிச்ச முடியட்டும், இப்பப் போனா ரெஜினா வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிடுவா, புள்ள படிக்காதுன்னான்."

"நீங்க என்ட்ட சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் வாங்கிட்டாம்மா. புள்ள மேல. நீ மேடைக்கு வர வேணாம்டா, வீட்ல இருன்னும் சொல்லிப் பாத்தேன். 'வீட்ல இருந்தா அவ கண்டுபிடிச்சுருவா. வயர மட்டும் கழட்டிடு, நான் சும்மா நின்னுக்கறேன்'னான். அப்பறம் எல்லா ஊர்லயும் அப்படித்தான். லால்குடியிலயும் அதுதான். பட்டுக்கோட்டையிலயும் அதுதான்."

"நின்னாரு. நீங்க வாசிச்சீங்க."

"ஆமாம்மா."

"கட்டி தலைக்குள்ள வளந்துட்டு இருந்திருக்கு. நீங்க ரெண்டு பேரும் கச்சேரி நடத்திட்டு இருந்திருக்கீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. கச்சேரி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஆட்டோவில் வரும்போதுதான் தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. இருக்கட்டும், அது அவருடையதுதானே.

ஜூலை 26, புதன்

போன வருஷம் அவர் விழுந்த அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம் கேட்டார், "இடது கை பலவீனம் எப்போதிலிருந்து?" என்று. "ரெண்டு வாரமா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

பீங்கான் தட்டு உடைந்தது பிப்ரவரியில்.

ஜூலை 28, வெள்ளி

பிள்ளைகளுக்கு வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். தண்ணீர் வந்தது, பிடித்தேன்.

ஜூலை 30, ஞாயிறு

ஜெனியிடம் போனில் சொன்னேன். எதையும் பொதிந்து சொல்ல எனக்கு வராது. பொங்கலுக்கு அப்புறம் அப்பா வாசிக்கவே இல்லையாம், உன் பரிச்சைக்காக டாக்டரிடம் போகாமல் மறைத்தாராம் என்று அப்படியே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது.

அவள் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா வாட்ச் கட்டறத நிறுத்திட்டாரும்மா, ஞாபகம் இருக்கா? வார் மாட்டச் சொல்லி என்ட்ட ஒரு தடவ நீட்டினாரு. எனக்கு டெஸ்ட் இருந்துச்சு, 'உங்களுக்கு மாட்டத் தெரியாதா'ன்னு கேட்டுட்டுப் போயிட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம். திருச்சியிலிருந்து ஒருத்தி, கோவையிலிருந்து ஒருத்தி. கட்டிக்கொண்டு அழக்கூட வழியில்லை.

வைப்பதற்கு முன்னால், "ம்மா, அப்பா குரல் அதுல இருக்குமா? பாட்டுக்கு நடுவுல பேசுவாருல்ல. எனக்கு அனுப்பேன்" என்று கேட்டாள். தேடிப் பார்க்கிறேன் என்றேன். ஃபில்டர் போட்டுக் கேட்டதில் எந்தக் குரலும் எனக்கு விழவில்லை.

ஜூலை 31, திங்கள்

காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். லால்குடி. மஞ்சள் கோட்டை வலது பக்கம் முழுக்க இழுத்துவிட்டேன். எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது, விசிலடித்தவன் உட்பட.

படகுப் பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும்போது, மிக அருகில், அமலன். சட்டைப் பைக்கு மேலே இருக்கிற வாய்.

"ரெஜினா பாத்தாளாடா?"

தூரத்திலிருந்து திருஞானம் அண்ணன்: "பாத்துச்சு. சிரிச்சுச்சுடா."

"தெரியலல்ல?"

"தெரியல."

"அப்பாடா."

இதை ஜெனிக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்தபடியே திரும்பவும் அந்தப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டேன். இன்னொரு வார்த்தையாவது பேசியிருப்பாரா என்றுதான். பாடகி பாடிக்கொண்டிருந்தாள். சட்டைப் பை உரசும் சத்தம், டொக். கொஞ்சம் இடைவெளி. டொக்.

மூன்றாவது டொக் வந்தபோது என் கால் அதற்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சட்டைக்குத் தாளம் தெரியாது. மறுபடி கேட்டேன். அது தாளத்தில்தான் விழுகிறது, ஒரு மயிரிழைகூடத் தப்பாமல். சில இடத்தில் விழவில்லை. விழுந்த இடத்தில் எல்லாம் சரியாக விழுகிறது.

கட்டிலுக்கு அடியில் இருந்து கிட்டார் பெட்டியை இழுத்தேன். ஒரு வருஷமாகத் திறக்காதது. வாரை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன், அவர் உயரத்துக்கு வைத்தது, எனக்கு முழங்கால் வரை தொங்கியது. ஏற்றிக் கட்டினேன். கிட்டாரின் மேல்கொம்பு மார்பில் வந்து இடித்தது. சட்டைப் பை இருக்கும் இடம். கம்பிகளைச் சுருதி சேர்த்து, வயரில்லாமல், நாலாவது கம்பியைச் சும்மா தட்டினேன்.

டொக்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

அவர் சும்மா நிற்கவில்லை. வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 2, புதன்

ஒவ்வொரு டொக்கையும் கிட்டாரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இடது கை விரல் அழுத்தாவிட்டாலும் வலது கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. விரல் வைக்காமல் தட்டினால் அந்த வாத்தியத்தில் நாலு சுரம்தான் உண்டு, கம்பிக்கு ஒன்று. பாட்டு அந்த நாலில் ஒன்றைத் தொடும்போதெல்லாம் தட்டியிருக்கிறார். மற்ற நேரம் காத்திருக்கிறார். இடது கை மேலும் கீழும் நகர்ந்தது எனக்காக, முன்வரிசைக்காக. வலது கை வாசித்தது யாருக்காக என்று தெரியவில்லை. வயர்தான் இல்லையே.

இதைத்தான் ஒரு மாதமாகச் சட்டைப் பைச் சத்தம் என்று நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அமலன் வாசித்ததைக் கேட்க வேண்டும் என்று, அமலனை வெட்டிவிட்டுத் திருஞானம் அண்ணனை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

படகுப் பாட்டை மட்டும் புதிதாக எழுதி முடித்தேன். தாளில் முக்கால்வாசி மௌனக் குறிதான். வாசிக்காத இடத்துக்கும் நொட்டேஷனில் குறி உண்டு, இவ்வளவு நேரம் சும்மா இரு என்று. பிள்ளைகள் அதைத்தான் அவசரப்பட்டுத் தாண்டுவார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், மௌனத்தையும் எண்ணு, எண்ணு என்று.

அந்த இறங்குகிற இடத்தில் அவர் எதுவும் தட்டவில்லை. கீபோர்ட் அவருடைய கிட்டாரில் இல்லாத இடம் வரைக்கும் போகிறது. அவர் நிற்கிறார். அது திரும்பி ஒரு படி ஏறியதும், நாலாவது கம்பி. டொக். காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

சாயங்காலம் திருஞானம் அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"கச்சேரி நடக்கட்டும் அண்ணே. மத்த பாட்டெல்லாம் எபிநேசர் துறையூர் ரெக்கார்டிங்ல இருந்து வாசிக்கட்டும், எழுதித் தரேன். விழுங்கின சுரத்த விழுங்கின மாதிரியே. படகுப் பாட்டுக்கு மட்டும் உங்க இடது கை வேணும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "சரிம்மா," என்றார். பிறகு, "அந்த எறக்கத்த நான் வேணும்னேதான் அவ்ளோ கீழ கொண்டு போனேன் தங்கச்சி. நீ முன்னால உக்காந்திருந்த. அவனால முடியாதத அன்னிக்கு நல்லா வாசிச்சுக் குடுக்கணும்னு தோணுச்சு" என்றார்.

கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அடக்கத்தன்று வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஒத்திகை. எபிநேசர் புதுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒண்ணுமே இல்ல இதுல?"

சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். "அந்தப் பாட்டுக்கு அண்ணனோடத குடுங்கக்கா," என்றார். மருந்துக்கடைக்காரரைப் பற்றி நான் எழுதியதை அடித்துவிட வேண்டும்.

ஆகஸ்ட் 12, சனி

காலையில் பூசை. கல்லறைக்குப் பூ வைத்தோம், ஜெனியும் நானும். திருஞானம் அண்ணன் போன வருஷம் மாதிரியே வாசலில் நின்றார். "உள்ள வாங்க அண்ணே," என்றேன்.

மாலை பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. ஒர்க்‌ஷாப் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். துறையூர் மாதிரியே எல்லாம் போயிற்று. ஒரு பாட்டில் எபிநேசர் தாளத்தை லேசாக முந்தினார். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஜெனி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மாதிரியே ஓடறாரும்மா" என்றாள்.

படகுப் பாட்டுக்கு முன்னால் நான் மேடை ஏறினேன். என்னை ஏதோ பேச வந்தவள் என்று நினைத்து மைக்கை நீட்டினார்கள். வாங்கவில்லை. தரையில் கிடந்த வயரை எடுத்து ஒரு முனையைப் ஆம்ப்ளிஃபையரில் செருகினேன், இன்னொன்றை அமலனின் கிட்டாரில். இரண்டாவது முயற்சியில்தான் உள்ளே போனது. இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

பாட்டு தொடங்கியது. ஒரு சுரம். நீண்ட இடைவெளி. ஒரு சுரம். வயர் மாட்டிய கிட்டாரில் அது டொக் இல்லை. தும் என்று மண்டபத்தின் தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. பின்னால் யாரோ ஒருவர் பக்கத்து ஆளிடம், "என்னங்க, பேஸ்காரரு நடு நடுவுல தூங்கறாரு?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். "அப்படித்தான் எழுதியிருக்கு. பேசாம கேளுங்க," என்றேன்.

இறங்குகிற இடம் வந்தது. எல்லாரும் அடங்கினார்கள். திருஞானம் அண்ணனின் இடது கை மட்டும் இறங்கிற்று, ஒவ்வொரு படியாக, நாலாவது கம்பிக்கும் கீழே. எபிநேசர் கையை எடுத்துவிட்டு நின்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மௌனத்தையும் எண்ணினேன். பிறகு அண்ணனின் கை ஒரு படி ஏற, கீபோர்டும் கம்பியும் சேர்ந்து விழுந்தன.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ஜெனி மதிய ரயிலில் போய்விட்டாள். வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன்.

திருஞானம் அண்ணன் வந்து தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். உறையில் போட்டு வைக்குமுன் பார்த்தேன், படகுப் பாட்டில் வாசித்தவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. மற்றதில் எல்லாம் எழுதியிருக்கிறேன், இதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டிருந்தேன். இன்று எழுதினேன்.

வலது கை: அமலதாஸ். இடது கை: திருஞானம்.